பத்தாயிரம் மணி நேரத்துக்குப் பிறகும் தாங்கும் எஃகு

புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பெண்டைச் சில வாரங்கள் ஓட்டிய பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள். மேலுறை போடாத எவர்சில்வர் பெண்ட் என்றால், எஞ்சினை விட்டு வெளிவரும் இடத்தில் நீலம், அதையடுத்து ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் வைக்கோல் மஞ்சள் என்று வளையம் வளையமாக நிறம் ஏறியிருக்கும். சாயம் எதுவும் அங்கே இல்லை. சூட்டில் உலோகத்தின் மேல் வளர்ந்த ஆக்சைடு படலம் இடத்துக்கு இடம் தடிமன் மாறுகிறது. அந்தத் தடிமனுக்கு ஏற்ப ஒளி நிறம் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் படலம்தான் அடியில் உள்ள எஃகை எரிந்து போகாமல் காக்கிறது.

மோட்டார் சைக்கிளில் கண்ணுக்குத் தெரிகிற இந்தப் போராட்டம் காரிலும் லாரியிலும் பானெட்டுக்கு அடியில் மறைவாக, இன்னும் கடுமையாக நடக்கிறது. டீசல் எஞ்சினின் புகை பெரும்பாலும் 600 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை போகும். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சினில் அது 950 டிகிரியைத் தாண்டும்; இன்றைய சில எஞ்சின்களை 1050 டிகிரிக்கே வடிவமைக்கிறார்கள். அந்தச் சூட்டில் மேனிஃபோல்டு இருட்டில் செக்கச்செவேலென்று ஒளிரும். எஞ்சினின் சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்க்கும் பகுதிதான் மேனிஃபோல்டு. புகை வழியில் மிகக் கொடிய வேலை அதற்குத்தான். வால்பக்கம் போகப் போகச் சூடு 400 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே பகை சூடு அல்ல, உள்ளே குளிர்ந்து தங்கும் அமிலம் கலந்த நீர். அது தனிக் கதை. இங்கே நான் பேச வருவது சூடான பக்கத்தைப் பற்றி.

இந்தச் சூடு ஏறிக்கொண்டே போவதற்குக் காற்றுத் தூய்மைச் சட்டங்கள் ஒரு முக்கியக் காரணம். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கலம் 250, 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். காலையில் வண்டியை எடுத்த முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறும் நச்சுதான் அதிகம் என்பதால் கலத்தை எஞ்சினுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். இடையில் உள்ள குழாய் சூட்டை விழுங்கிவிடக் கூடாது என்று அதன் சுவரை மெலிதாக்கினார்கள். முன்பெல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் பெட்ரோலைப் பாய்ச்சுவார்கள். எரியாத அந்த எரிபொருள் புகையைக் குளிர்வித்து உலோகத்தைக் காப்பாற்றும். அப்படி வீணடித்தால் கார்பன் மோனாக்சைடு கூடும் என்பதால் புதிய விதிகள் அந்த வழியையும் நெருக்கின. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல், வாகனப் புகை விதிகளில் பிஎஸ்-5 என்ற படியே இல்லாமல் நேராக பிஎஸ்-6 வந்தது. நாம் மூச்சுவிடும் காற்று கொஞ்சம் சுத்தமானால், அதற்கான சுமையில் பெரும்பங்கைத் தூக்குவது புகைக்குழாயின் எஃகு.

அந்த எஃகுக்கு வேண்டியது வலிமைதானே என்று எளிதில் தோன்றும். வலிமை வேண்டும்தான், ஆனால் பெரும்பாலான மேனிஃபோல்டுகள் வலிமை போதாமல் உடைவதில்லை. விரிய இடமில்லாமல் உடைகின்றன.

அரை மீட்டர் நீளக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைச் சூட்டிலிருந்து 900 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஃபெரைட் வகை எஃகு ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். ஆஸ்டெனைட் வகை, அதாவது நாம் 304 என்று அறிந்த பாத்திர எவர்சில்வரின் குடும்பம், எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் மேனிஃபோல்டு எஞ்சின் தலையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் தலைக்குள் தண்ணீர் ஓடுகிறது. அதன் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நீள வேண்டிய உலோகத்தை நீள விடாமல் பிடித்தால் அது தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். சூட்டில் மென்மையாக இருப்பதால் அந்த நசுக்கலுக்கு இணங்கி நிரந்தரமாகக் குறுகிவிடும். வண்டியை நிறுத்தியதும் உலோகம் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்; ஏற்கெனவே குறுகிவிட்டதால் இப்போது இழுவிசை வரும். மறுநாள் காலை மீண்டும் நசுக்கல், மாலையில் மீண்டும் இழுப்பு. சில ஆயிரம் தடவை இப்படி நடந்த பிறகு குழாய் ஃபிளாஞ்சோடு சேரும் உள்வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். மெக்கானிக் காதுக்கு அது முதலில் ‘டிக் டிக்’ என்ற புகைக் கசிவாகக் கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் கூடுதலாக, சூடேறியதும் விரிசல் மூடிக்கொள்வதால் குறைவாக. கழற்றிப் பார்த்தால் விரிசலின் ஓரத்தில் கரும்புகை படிந்திருக்கும்.

இந்த ஒரு காரணத்தால்தான் கார்களின் தகட்டு மேனிஃபோல்டுகளில் ஃபெரைட் வகைக்கு இவ்வளவு இடம். அதில் நிக்கல் ஏறக்குறைய இல்லை; காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டினால் நல்ல எவர்சில்வர் இல்லை என்று பாத்திரக்கடையில் நாம் சொல்லிப் பழகிவிட்டோம். புகைக்குழாயைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை செல்லாது. உயர்சூட்டில் ஆஸ்டெனைட் வகை வலுவானதுதான்; அதில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் சூட்டிலும் அவை எளிதில் இடம் பெயர்வதில்லை. ஃபெரைட்டில் அணுக்களின் அடுக்கு தளர்வானது, உயர்சூட்டில் அது சீக்கிரம் மென்மையாகும். ஆனாலும் குறைவாக விரிவதால் ஃபெரைட் முந்துகிறது. அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் அடியில் உள்ள எஃகைவிடக் குறைவாக விரிந்து சுருங்கக்கூடியது. ஆஸ்டெனைட் குளிரும்போது வெகுவாகச் சுருங்கி மேலே உள்ள படலத்தை நெருக்கிச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். ஃபெரைட்டோ படலத்தின் அளவுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. படலம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

படலத்துக்கு இன்னொரு தொல்லை, புகைக்குள் இருக்கும் நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. புகையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீராவி. உலர்ந்த காற்றில் குரோமியம் ஆக்சைடு 1000 டிகிரி வரை உறுதியாக நிற்கும். நீராவி கலந்தால் அது ஆவியாகப் போகும் ஒரு சேர்மமாக மாறி, 650, 700 டிகிரியிலேயே மெல்ல மெல்லத் தேயத் தொடங்குகிறது. தேய்ந்ததை ஈடுகட்ட எஃகு உள்ளிருந்து குரோமியத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்ததும் இரும்பே எரியத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் உலர்காற்றில் அருமையாகத் தேறிய எஃகு வண்டியில் தோற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சோதனைக் காற்றில் நீராவி சேர்க்காத எந்த அறிக்கையையும் இந்தத் துறையில் நான் முழுதாக நம்புவதில்லை.

ஃபெரைட் எஃகின் மென்மையை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பது அழகான கதை. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் வினையூக்கிக் கலம் வந்தபோது 11 சதவீதம் குரோமியமும் சிறிது டைட்டானியமும் கொண்ட 409 என்ற எளிய எஃகே போதுமாக இருந்தது. சூடு ஏறியதும் குரோமியத்தை 14, 18 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கூடவே நியோபியம் அரை சதவீதத்தை ஒட்டிச் சேர்த்தார்கள். நியோபியம் அணு இரும்பு அணுவைவிடப் பெரியது. இரும்பின் அடுக்குக்குள் அது கரைந்து நிற்கும்போது சுற்றியுள்ள அடுக்கைப் பிதுக்கிவைத்து, சூட்டில் எஃகு இளகுவதைத் தடுக்கிறது. கரைந்து நிற்கும்வரைதான் இந்தப் பலன். எஃகில் மிச்சமிருக்கும் கார்பனும் நைட்ரஜனும் நியோபியத்தைக் கண்டால் விடாது, பிடித்துச் சேர்மமாக்கிவிடும். அதனால் கொஞ்சம் டைட்டானியத்தைச் சேர்த்து, கார்பனும் நைட்ரஜனும் முதலில் அதனோடு சேர்ந்து தீரும்படி செய்கிறார்கள். நியோபியம் தன் வேலைக்குத் தப்பிக்கிறது. 441 என்ற எஃகு இப்படி உருவானது.

ஆனால் காலம் விடுவதில்லை. 700, 800 டிகிரியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடந்தால், தப்பிய நியோபியமும் மெதுவாக இரும்போடு கூடி லாவெஸ் என்னும் துகள்களாகத் திரண்டுவிடும். துகள்கள் பருத்துவிட்டால் அவற்றால் பயன் இல்லை. கரைந்து நின்றதால் கிடைத்த வலிமையும் போயிற்று. முதல் நாள் சோதனையில் முதலிடம் பிடித்த எஃகு, 200 மணி நேரம் சூட்டில் வைத்த பிறகு சோதித்தால் இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு இறங்குவதுண்டு. இந்தத் துறையின் மையக் கேள்வி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உலையிலிருந்து வெளிவரும் நாளில் எஃகு எப்படி இருக்கிறது என்பதை எல்லோராலும் அளக்க முடியும். பல்லாயிரம் மணி நேரம் வெந்த பிறகு அதற்குள் என்ன உருவாகியிருக்கும் என்பதை முன்னாலேயே தீர்மானித்து, அதற்கேற்பச் சேர்மானத்தை அமைப்பதற்குப் பெயர்தான் வடிவமைப்பு.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடமும் கேட்டர்பில்லர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சிஎஃப்8சி-பிளஸ் என்ற வார்ப்பு எஃகு. கேட்டர்பில்லருக்கு அப்போதிருந்த சிக்கல், பெரிய டீசல் எஞ்சின்களின் மேனிஃபோல்டும் டர்போ உறையும் வழக்கமாகச் செய்யப்படும் வார்ப்பிரும்பு. 4 சதவீதம் சிலிக்கானும் ஒரு சதவீதத்துக்குள் மாலிப்டினமும் கலந்த அந்த இரும்பு மலிவானது, வார்ப்பதற்கு இணக்கமானது. ஆனால் 800 டிகிரியைத் தாண்டினால் சில பத்து டிகிரிகளுக்குள் கைவிட்டுவிடும். இதற்கு மேலே போக நிக்கல் நிறைந்த உலோகங்கள் உண்டு, விலை கட்டாது. இடையில் ஒன்று வேண்டும் என்றார்கள்.

ஓக் ரிட்ஜில் ஃபிலிப் மஜியாஸ் என்பவரின் குழு, புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போகாமல், சிஎஃப்8சி என்ற பழைய வார்ப்பு எஃகைக் கையில் எடுத்தது. 19 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் நியோபியம். இதன் குறை எல்லோருக்கும் தெரியும்: வார்த்ததும் அதில் 15, 20 சதவீதம் அளவுக்கு டெல்டா ஃபெரைட் என்ற பகுதி தங்கிவிடும். வார்ப்படக்காரர்கள் இதை வரவேற்பார்கள், உலோகம் உறையும்போது வெடிப்பு விழாமல் அது காக்கும். ஆனால் வண்டியில் ஏறி நாள்பட வெந்ததும் அதே டெல்டா ஃபெரைட் சிக்மா என்ற, கண்ணாடியாக நொறுங்கும் இரும்பு-குரோமியச் சேர்மமாக மாறிவிடும். பட்டறையில் உதவியது வண்டியில் பகையாகிவிடுகிறது.

மஜியாஸ் குழு செய்த மாற்றம் சொன்னால் எளிது. மாங்கனீசை 4 சதவீதம் அளவுக்கு உயர்த்தினார்கள். கால் சதவீதம் நைட்ரஜன் சேர்த்தார்கள். நிக்கலைச் சற்றே கூட்டினார்கள். உருகிய எஃகில் நைட்ரஜன் குமிழாக வெளியேறாமல் கரைந்து நிற்க மாங்கனீசு உதவும். நைட்ரஜன் ஆஸ்டெனைட்டை நிலைநிறுத்தும். டெல்டா ஃபெரைட்டுக்கு இடமே இல்லாமல் போகும். டெல்டா இல்லை என்றால் சிக்மாவுக்கு விதை இல்லை. எஞ்சியிருக்கும் நியோபியமும் கார்பனும் என்ன செய்கின்றன என்பதுதான் இதில் நுட்பமான இடம். வார்த்தபோது அவற்றில் ஒரு பகுதி கரைந்தே நிற்கிறது. வேலையில் சூடும் சுமையும் சேர்ந்து எஃகை மெல்ல நீட்டப் பார்க்கும்போது, அணு அடுக்கில் வழுக்கல் கோடுகள் தோன்றும். பொறியாளர்கள் க்ரீப் என்று சொல்லும் நீட்சி இந்தக் கோடுகள் நகர்வதால்தான் வருகிறது. கரைந்திருந்த நியோபியமும் கார்பனும் அந்தக் கோடுகளின் மேலேயே நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் திரண்டு, அவற்றை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிடுகின்றன. மற்ற எஃகைத் தளர்த்தும் அதே சூடு இந்த எஃகில் வலுவூட்டுகிறது. வார்த்த பிறகு தனியாகச் சூடேற்றிப் பதப்படுத்தும் செலவும் இல்லை.

2003-இல் இதற்கு ஆர்&டி 100 விருது கிடைத்தது. அதைவிட முக்கியமானது பின்னால் வந்தது. அமெரிக்காவின் 2007 விதிகள் லாரி டீசல் எஞ்சின்களில் கரித்துகள் வடிகட்டியைக் கிட்டத்தட்டக் கட்டாயமாக்கின. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தப்படுத்த வேண்டும். அதற்குக் கேட்டர்பில்லர் புகை வழியிலேயே ஒரு எரிகலம் வைத்தது. குளிர்ந்து கிடக்கும் கலம் சில நொடிகளில் தழலாகி மறுபடி குளிரும். அந்த எரிகலத்தின் உறைக்குக் கேட்டர்பில்லர் தேர்ந்தெடுத்தது இந்த எஃகைத்தான். ஓர் ஆய்வுக்கூடச் சேர்மானம் சில ஆண்டுகளில் நெடுஞ்சாலைக்கு வருவது உலோகவியலில் அரிது.

இது எப்படி இவ்வளவு விரைவாகக் கைகூடியது? 1980-களில் அணு இணைவு உலைகளுக்கும் உயர்சூட்டுக் கொதிகலன்களுக்கும் எஃகு தேடியபோது, எந்தத் தனிமம் எந்தத் துகளை எங்கே உருவாக்கும் என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துத் தொகுத்த அறிவு மஜியாஸ் குழுவிடம் இருந்தது. அந்த எஃகுக் குடும்பத்தின் நெருங்கிய உறவு ஒன்று நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக ஈனுலையின் எரிபொருள் குழாய்களுக்காகப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டி9 என்ற எஃகிலும் இதே உத்தி: அங்கே நியோபியத்துக்குப் பதில் டைட்டானியம், அதன் நுண்ணிய கார்பைடு துகள்கள். அணு உலைக்கும் லாரிக்கும் எஃகுக்குள் நடப்பது ஒன்றுதான்.

சிஎஃப்8சி-பிளஸ்ஸுக்கும் எல்லை உண்டு. அதைக் காப்பது குரோமியம் ஆக்சைடு. நீராவி அதைத் தேய்க்கும். இந்த எல்லையைக் கடக்க வேண்டுமானால் அலுமினியம் ஆக்சைடுக்குப் போக வேண்டும். நீராவியால் அது தேயாது, வளர்வதும் மிக மெதுவாக. வினையூக்கிக் கலங்களில் சிலவற்றின் உள்ளே 50 மைக்ரான் தடிமனில் சுருட்டி வைத்திருக்கும் இரும்பு-குரோமியம்-அலுமினியத் தகடு இந்த வகைதான்: 20 சதவீதம் குரோமியம், 5 சதவீதம் அலுமினியம், படலம் உதிராமல் பிடிக்க ஒரு சிட்டிகை யிட்ரியம் அல்லது அரிய மண் தனிமங்கள். தகடு மெல்லியது என்பதால் அதிலுள்ள அலுமினியக் கையிருப்பும் சிறியது. அது எப்போது தீரும் என்று கணக்கிட்டால் தகட்டின் ஆயுள் கிடைத்துவிடும். ஆனால் அதன் உடல் ஃபெரைட், சுமை தாங்காது.

வலிமையான ஆஸ்டெனைட்டுக்கு அலுமினியப் படலம் போர்த்த முடியுமா என்ற கேள்விக்கு ஓக் ரிட்ஜின் யமமோட்டோ, பிரேடி குழு 2007-இல் சயன்ஸ் இதழில் முடியும் என்று காட்டியது. 14 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல், இரண்டரை சதவீதம் அலுமினியம். அதுவரை வலிமைக்காகச் சேர்த்துவந்த டைட்டானியமும் வனேடியமும்தான் அலுமினியப் படலத்தைக் கெடுத்துவந்தன என்று கண்டு அவற்றை நீக்கியதும் படலம் ஒழுங்காக மூடிக்கொண்டது. இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. சிஎஃப்8சி-பிளஸ்ஸுக்கு உயிர் கொடுத்த நைட்ரஜனை இங்கே கொண்டுவர முடியாது. அலுமினியம் அதைக் கண்டதும் அலுமினியம் நைட்ரைடாகச் சேர்ந்து இரண்டையும் வீணாக்கிவிடும். ஆஸ்டெனைட்டை நிறுத்த நைட்ரஜன் இல்லாத இடத்தில் நிக்கலைக் கூட்டத்தான் வேண்டும்.

நிக்கல் என்றதும் சந்தை குறுக்கே வருகிறது. 2007 மே மாதத்தில் அதன் விலை டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியது. 2022 மார்ச் 8 அன்று ஒரு லட்சம் டாலரைத் தொட்டுத் தாண்டியதும் லண்டன் உலோகச் சந்தை நிக்கல் வணிகத்தையே நிறுத்தியது. மாலிப்டினத்துக்கும் இதுபோன்ற ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஜப்பானிய எஃகு ஆலைகள் மாலிப்டினத்தைக் குறைத்துச் செம்பு சேர்த்த ஃபெரைட் எஃகுகளை உருவாக்கியதற்கு அதுவும் காரணம். நம் நாட்டில் ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமைட் தாது ஏராளம். நிக்கலுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். உலக நியோபியத்தில் மிகப் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வருகிறது. இந்தியாவுக்கான புகைக்குழாய் எஃகு குரோமியத்தில் தாராளமாகவும் நிக்கலில் சிக்கனமாகவும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கணினிகள் இன்று எந்தச் சேர்மானத்தில், எந்தச் சூட்டில், எந்தத் துகள் நிலைக்கும் என்று நொடியில் சொல்கின்றன. அது எத்தனை காலத்தில் உருவாகும், எவ்வளவு பருக்கும் என்பதைச் சொல்ல இன்னும் நீண்ட சோதனையே வேண்டும். பத்தாயிரம் மணி நேரம் என்பது ஏறத்தாழ 14 மாதம். அவ்வளவு காத்திருக்க மனமில்லாமல், கூடுதல் சூட்டில் சில நூறு மணி நேரம் சோதித்து நீண்ட காலத்தை ஊகிக்கும் சூத்திரத்தை லார்சனும் மில்லரும் 1952-இல் தந்தார்கள். பயனுள்ளது, ஆனால் சிக்மாவோ லாவெஸோ இடையில் புகுந்தால் அந்த ஊகம் கவிழ்ந்துவிடும். அதனால்தான் ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்திலும் கல்பாக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓடும் க்ரீப் சோதனைக்கு மாற்று இல்லை. அந்தக் கூடங்களின் வேலைக்கு விளம்பரம் கிடையாது. ஒரு மாதிரி உடைவதற்குள் அதைத் தொடங்கிய மாணவர் படிப்பை முடித்துப் போயிருப்பார்.

கோவையிலும் சென்னையைச் சுற்றியும் வார்ப்படமும் குழாய் வளைப்பும் செய்து வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் கொடுக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எஃகு வாங்கும்போது வரும் சோதனைச் சான்றிதழில் அறைச்சூட்டு வலிமையும் சேர்மானமும் மட்டுமே இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் செய்யும் பாகம் ஓடப்போகும் சூட்டில் 200 மணி நேரமாவது வைத்த பிறகு அதன் வலிமை என்ன, நீராவி கலந்த காற்றில் அதன் எடை எவ்வளவு மாறியது என்ற இரண்டு எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.